மருதப்பன் வளர்த்த தண்ணீர்ச்செடி

முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற மருதப்பனுக்குச் சிங்கப்பூரில் தெரியாத திருப்பம் கிடையாது. ஆனால் உட்லண்ட்ஸ் வீட்டுக் கூடத்தில் இருந்த இரண்டடி மீன்தொட்டி அவரைத் திண்டாட வைத்தது.

தொட்டி மகள் சுஷ்மிதாவுடையது. கல்யாணமாகிப் பொங்கோல் போனவள் அதைக் கொண்டுபோகவில்லை. ஞாயிறுதோறும் வந்து தண்ணீர் மாற்றிவிட்டுப் போவாள். "அவ உங்களைப் பார்க்கவா வர்றா? மீனைப் பார்க்க வர்றா," என்று மனைவி சந்திரமதி கிண்டல் செய்வாள். மருதப்பன் சிரிக்க மாட்டார். அது உண்மையாக இருக்குமோ என்று அவருக்குப் பயம். மீன் போய்விட்டால் மகள் எதற்கு வருவாள்?

அதனால்தான் கிராஞ்சிப் பண்ணைக்குப் போய் ஹைக்ரோஃபிலா என்ற தண்ணீர்ச்செடி ஒரு கட்டு வாங்கிவந்து மணலில் நட்டார். மீனுக்கு நல்லது, யார் நட்டாலும் வளரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் இலைகள் வெளுத்து, ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. யார் நட்டாலும் வளரும் செடி தன் கையில் மட்டும் ஏன் சாகிறது? ஒன்றும் புரியவில்லை. வாசல் காரிடாரில் இருக்கும் கறிவேப்பிலைக்கு அரிசி கழுவிய தண்ணீர்தான் ஊற்றுவார்கள். அது தளதளவென்று நிற்கிறது. இதுவும் செடிதானே என்று ஒரு கிண்ணம் ஊற்றினார். மறுநாள் தொட்டி பால்போல் கலங்கிவிட்டது. கப்பி மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. உடனே மகளுக்குப் போன் போட்டார்.

வேலையிலிருந்து நேராக வந்த சுஷ்மிதா பாதித் தண்ணீரை இறைத்தாள். "என்னப்பா, கறிவேப்பிலையும் இதுவும் ஒண்ணா? பண்ணையில இதைத் தண்ணிக்கு வெளியே வளர்த்திருப்பாங்க. உள்ளே வந்தா பழைய இலை கொட்டிட்டுப் புது இலை வரும். சும்மா விடுங்க லா."

"தண்ணிச் செடியைத் தண்ணிக்கு வெளியே எதுக்கும்மா வளர்க்கணும்?"

"சீக்கிரம் வளரும்ப்பா."

குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனாலும் அவர் கை வைக்கவில்லை. மூன்றாம் வாரம் மொட்டைத் தண்டில் வேறு மாதிரி மெல்லிய இலை துளிர்த்தது. இரண்டு மாதத்தில் செடி தண்ணீர்மட்டத்தைத் தொட்டது. மகள் போனில் சொன்னபடி நுனியைக் கத்தரித்து மணலில் செருகினார். அது தனிச் செடியானது. வெட்டுப்பட்ட அடித்தண்டும் சாகாமல் இரண்டாகக் கிளைத்தது. இது என்ன கணக்கு என்று தலையைச் சொறிந்துகொண்டே தண்ணீர் மாற்றவும் தானே பழகிக்கொண்டார். மகள் பார்த்து அசந்துபோக வேண்டும் என்று ஆசை.

அசந்துதான் போனாள். "சூப்பர்ப்பா. இனிமே நீங்களே பார்த்துப்பீங்க. நான் வாரவாரம் வரணும்னு இல்லை."

மருதப்பன் தலையாட்டினார். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் செருப்பை மாட்டும்போது, "நேத்து ஒரு இலை மஞ்சளா இருந்துச்சும்மா," என்றார்.

சுஷ்மிதா திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். எல்லா இலையும் பச்சையாக இருந்தது.

"அப்படியா? அப்போ அடுத்த ஞாயிறும் வந்து பார்த்துடறேன்ப்பா," என்றவள், மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.