தலைவரம்மா இழுத்த கயிறு

ஈரச் செவ்வந்தியின் வாசம் பட்டால் போதும், என் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன. குடியரசு தினத்துக் காலைப்பனியில் இதழ்களை உள்ளே வைத்துக் கொடியை மடித்த விரல்கள். அப்போது தேவாரம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். கொடி கட்டுவது என் வேலை.

இந்தி எதிர்ப்புக் காலத்தில் இதே நாளில் கூரைமேல் கறுப்புக்கொடி கட்டியவர் என் அப்பா. பிறகு அது மிட்டாய் நாளாயிற்று. அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. ஊராட்சித் தலைவர் காலனிக்காரர் என்றால், கொடியைத் துணைத்தலைவர் ஏற்றுவார். தலைவர் மிட்டாய் கொடுப்பார். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த தலைவரம்மா மூன்று வருடம் மிட்டாய்தான் கொடுத்தார்.

நான்காம் வருடம், தலைவரே ஏற்ற வேண்டுமென்று மேலிருந்து உத்தரவு. முதல்நாள் டீக்கடையில் துணைத்தலைவர் என் தோளில் கை போட்டார். எங்கள் சனம்தான். "உத்தரவு போட்டவுக போட்டுட்டாக. முடிச்சு ஒன் கையிலதான மாப்ள? சுருக்கு வேணாம், இறுக்கிப் போட்ரு. அந்தம்மா இழுக்கட்டும், பாப்போம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் இறுக்கித்தான் கட்டினேன்.

தலைவரம்மா அரக்குச் சேலையில் வந்தார். இழுத்தார். கொடி அவிழவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். "ஏத்தா, மிட்டாய் டப்பாவ எடுத்தாரவா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். துணைத்தலைவர் முன்னால் வந்து நின்றார். கொடியை இறக்கி, துணைத்தலைவருக்காகச் சுருக்குப் போட்டுக் கொடுத்தேன். ஒரே இழுப்பு. இதழ்கள் அவர் தலையில் கொட்டின.

இப்போது அங்கே போலீஸ் காவலோடு தலைவர்களே ஏற்றுகிறார்கள். வீட்டுக்கு வீடு கொடி பறக்கிறது. அது நடந்த அடுத்த ஜனவரிக்குள் நான் மாறுதல் வாங்கிக் கம்பத்துப் பக்கம் ஓடிவிட்டேன். அந்த வருடம் தலைவரம்மாவே ஏற்றினாராம். முடிச்சை யார் போட்டது என்று விசாரிக்க எனக்கு நாக்கு எழவில்லை.

நான் இறுக்கிக் கட்டிய அன்று, கூட்டம் கலைந்ததும் தலைவரம்மா என்னிடம் வந்தார். "பனியில கயிறு இறுகிருச்சும்மா" என்றேன். என் விரல்களையே பார்த்தார்.

"தோட்டத்துல நாள் முச்சூடும் திராட்சக் கொடிக்குக் கட்டுப்போடுறவ நான். தானா இறுகுனது எது, ஆளு இறுக்குனது எதுன்னு தெரியாதா சார்? அடுத்த வருசமும் நீங்களே கட்டுங்க. நான் வருவேன்."