ஆள் ஏறினதும் விழாத கியர்

சண்டைக்காலத்தில் புதுப் பாகம் கிடைக்காததால், எங்கள் பழைய ஒஸ்ரின் காருக்கு வேறொரு காரின் கியர்பெட்டியைப் பூட்டினோம். கியர்த்தடி பின்னுக்கு வந்து முன்சீற்றை உரசி நின்றது. வெறுங்காரை ஓட்டிப் பார்த்த என் கணவர், “பிரச்சினையில்லை” என்றார்.

அந்தக் கிழமையே அவருடைய தகப்பனுக்கு மூச்சுத் திணறியது. மாமாவை முன்சீற்றில் சாய்த்து, கரம்பொன்னிலிருந்து ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குப் புறப்பட்டோம். அவருடைய பாரத்தில் சீற் பிதுங்கித் தடியை மறித்தது. இரண்டாம் கியர் விழவேயில்லை.

“என்னைப் பின்னுக்கு இருத்து, தம்பி,” என்றார் மாமா மகனிடம்.

“ஏலாது ஐயா, அசையாதேங்கோ.”

முதல் கியரிலேயே ஊர்ந்து போனோம். ஆசுப்பத்திரி வாசலில் மாமாவின் கை குளிர்ந்துவிட்டது. கெதியாய்ப் போயிருந்தால் தப்பியிருப்பாரோ, தெரியாது.

பிறகு கணவர் தடியைச் சூடாக்கி முன்னுக்கு வளைத்தார். இப்போது காரில் என்ன வேலை செய்தாலும், ஆட்களை நிறைய ஏற்றி எல்லாக் கியரையும் போட்டுப் பார்க்கிறோம். முன்சீற்றில் நான்தான் இருப்பேன்.