சாம்சனின் ஹெட்லைட்

பழைய பனியன் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, சாம்சன் ஹெட்லைட்டின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கழற்றிய கண்ணாடி சாக்கின்மேல் கிடந்தது. அந்த வாரத்தில் அதைக் கழற்றுவது இது மூன்றாவது தடவை. பல்பை மாற்றியாயிற்று. பேட்டரியை மாற்றியாயிற்று. டாக்சி ஸ்டாண்டில் அவனோடு வண்டி போட்டிருக்கும் எல்லப்பன் ஒயரையெல்லாம் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு இன்னாபா கொறச்சல்? பட்டப்பகலு மாரி எரியுது” என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரகடம் கூட்டுரோட்டில் சாம்சனின் கறுப்பு அம்பாசடரைத் தெரியாதவர்கள் கிடையாது. பிரசவத்துக்குக் கூப்பிட்டாலும் வருவான், கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் வருவான். அவன் ஓட்டினால் கிழவிகள் தூங்கிவிடுவார்கள். வேகம் காட்டமாட்டான், ஆனால் சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். அந்தப் பெயர்தான் அவன் சம்பாதித்தது.

அவன் மனைவி ஞானம்மா காஞ்சிபுரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கண் வார்டு ஆயா. வேலை முடிந்து வந்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் சனிக்கிழமை மாலை வண்டி பழனிக்குக் கிளம்ப வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்மேனாக இருக்கும் நாகப்பன் தன் இரண்டு குழந்தைகளுக்கும் அங்கே மொட்டையடித்துக் காது குத்துகிறான். கூடவே பெண்டாட்டியும் அம்மாவும். ஓவர்டைம் முடித்து ஆறு மணிக்கு ஏறினால் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடலாம், விடிந்தால் முகூர்த்தம் என்பது அவன் கணக்கு.

ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் குழாய், பிரேக் ஆயில், ஸ்டெப்னி எல்லாம் ஒழுங்காக இருந்தன. தண்ணீர் கேனை டிக்கியில் கட்டியாயிற்று. ஹெட்லைட்டைத்தான் அவனால் விட முடியவில்லை.

ஷிப்டு முடிந்து வந்த நாகப்பன் சைக்கிளை நிறுத்தினான். “ரெடியா சாம்சன்? எங்கெங்க நிறுத்தப்போற?”

சாம்சன் மனப்பாடமாகச் சொன்னான். மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி என்று போய்க்கொண்டே இருந்தது.

நாகப்பன் சிரித்தான். “டாக்சி ஓட்றியா, கவர்மெண்டு பஸ் ஓட்றியா? ஊருக்கு ஊரு ஸ்டாப்பிங் போட்றியே!”

“எங்கப் பாத்தாலும் போலீஸ் செக்கிங் சார் இப்போ. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துலருந்து வர்றோம்னா சும்மா உடுவானா? நாமளே வெளிச்சமா கீற எடத்துல நின்னு நின்னு போனா நல்லது.”

மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு அது நம்பக்கூடிய காரணம்தான். நாகப்பன் தலையாட்டிவிட்டுப் போனான்.

ஞானம்மாவின் முறம் நின்றது. பழனிக்கு இதற்கு முன்னும் இவன் போயிருக்கிறான். விழுப்புரத்தில் ஒரு டீ, திருச்சியில் ஒரு சாப்பாடு, அவ்வளவுதான்.

“நடுவுல இருட்டு வருமேய்யா. அங்கெல்லாம் இன்னா பண்ணுவே?”

“அதுக்கின்னா? முன்னால ஒரு லாரி கெடச்சா போதும். அவன் செவப்பு லைட்ட புடிச்சிக்கினு பின்னாலயே போய்ட வேண்டிதான்.”

சொல்லி முடித்ததும் அவன் குனிந்து ஸ்குரூ முடுக்க ஆரம்பித்தான். லாரியின் பின்னால் போகிறவனைக் கண்டாலே திட்டுகிறவன் சாம்சன். போன வாரம் பொழுது சாய்ந்த பிறகு வாசற்படியில் இருந்த குடத்தை உதைத்து உருட்டிவிட்டு, கரண்டு மங்கல் என்று அவன் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

இருட்டத் தொடங்கியதும், “லைட்ட பாத்துட்டு வரேன்” என்று சாவியை எடுத்தான். ஞானம்மா முறத்தை வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள்.

“நீ எதுக்குமே?”

“காத்து வாங்க.”

வாலாஜாபாத் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார்கள். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது எதிரே பஸ் ஒன்று முழு வெளிச்சத்தோடு வந்தது. சாம்சன் கண்ணைச் சுருக்கி, முகத்தை ஸ்டியரிங்குக்கு மேல் நீட்டினான். பஸ் கடந்து போன பிறகும் இமையைச் சிமிட்டிக்கொண்டே இருந்தான். வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. முன்னால், நட்டநடு ரோட்டில், விளக்கில்லாத மாட்டு வண்டி ஒன்று வைக்கோல் பாரத்தோடு போவதை ஞானம்மா பார்த்தாள். அவனும் பார்த்திருப்பான் என்று ஒரு மூச்சு பொறுத்தாள். அவன் காலை எடுக்கவில்லை.

“யோவ், வண்டி!”

“எங்க?”

“பிரேக்க அடிய்யா!”

டயர் கிறீச்சிட்டது. வைக்கோல் பானெட்டின்மேல் சரிந்தது. வண்டிக்காரன் குதித்து ஓடி வந்தான்.

“கண்ணு இன்னா பொடனியிலயா கீது ஒனக்கு? லைட்ட போட்டுக்கினு வந்து ஏத்துறியே!”

ஞானம்மாதான் இறங்கி வண்டிக்காரனைச் சமாதானப்படுத்தினாள்.

“லைட்டு பத்தல” என்றான் சாம்சன்.

“இந்த வைக்கோல ஒவ்வொரு தாளா எண்ணலாம்யா. லைட்டு நல்லாத்தான் கீது.” டார்ச்சைத் திருப்பி அவன் முகத்தில் அடித்து, இமையை விரலால் தூக்கினாள். கண்மணியில் மங்கலாக வெள்ளை. வார்டில் தினம் நாற்பது பேர் கண்ணைப் பார்க்கிறவள் வீட்டுக் கண்ணைப் பார்க்கவில்லை. அவளுக்கு அவன்மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேலேயே வந்தது.

“எத்தினி மாசமா?”

“ஈஸ்டர் முடிஞ்சதுலருந்து. பகல்ல ஒண்ணும் இல்ல. ராத்திரில எதுர் லைட்டு அப்டியே பரவிக்கினு நிக்குது. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல.”

“இதை வச்சிக்கினுதான் ரெண்டு கொழந்தைய ஏத்தப் பாத்தியா?”

வீடு ஒன்றரை மைல் இருந்தது. மாட்டு வண்டி முன்னால் போக, அதன் பின்னால் ஞானம்மா டார்ச்சை ரோட்டில் அடித்தபடி நடக்க, அவள் பின்னால் அம்பாசடர் முதல் கியரில் ஊர்ந்தது. வண்டிக்காரன் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான்.

வீட்டில் சாம்சன் தட்டைத் தொடவில்லை. “எல்லப்பன ஓட்டச் சொல்லிட்றேன். எனக்கு ஜொரம்னு நாகப்பன்கிட்ட நீ சொல்லிடு.”

“ஜொரம் அடுத்த வாரம் போய்டும். அடுத்த வாரம் எவனாவது ராத்திரி சவாரிக்குக் கூப்ட்டா இன்னா சொல்லுவே?”

“உண்மைய சொன்னா ஸ்டாண்டு முழுக்கப் பரவும்மே. அப்புறம் எவன் என் வண்டியில ஏறுவான்?”

“கண்ணுல வந்துகீறது பொரை. உரிச்சி எடுத்தா போய்டும். பேரு போனா கொஞ்ச நாள்ல திரும்பிக்கும். அந்தக் கொழந்தைங்க போனா திரும்புமா? சொல்ல வேண்டியது நீ. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன், அது இன்னும் அசிங்கமா இருக்கும்.” சாதத்தில் மோரை ஊற்றி அவன் பக்கம் தள்ளினாள். “சாப்பிடு.”

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்குக் கூட்டுரோட்டில் ஆட்கள் நின்றிருந்தார்கள். சாம்சன் நாகப்பனைத் தனியாகக் கூப்பிடப் பார்த்தான். அவன் நகரவில்லை. ஆகவே அத்தனை பேர் நடுவிலும் சொன்னான்.

“ராத்திரியில எனக்குக் கண்ணு தெரியல சார். எல்லப்பன் ஓட்டுவான்.”

“இத்த நேத்து சொல்றதுக்கு இன்னாயா? செக்கிங்கு, கிக்கிங்குன்னு கத விட்ட! எங்கம்மா ஒன்ன நம்பித்தான் வரேன்னு சொல்லிச்சி.” பின்னால் யாரோ, “குருட்டு டிரைவர்” என்று முனகினான், இரண்டு பேர் சிரித்தார்கள். பஸ் வந்து ஹாரன் அடித்தது. படியில் கால் வைத்த நாகப்பன் திரும்பினான். “எல்லப்பன் குடிப்பானா?”

“தொடமாட்டான் சார்.”

“ஆறு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கணும்.”

சாம்சன் ஸ்டாண்டுக்கு வந்து எல்லப்பன் கையில் சாவியைக் கொடுத்தான். மலைப்பக்கம் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், விழுப்புரத்தில் ரேடியேட்டரைத் திறந்து பார், கிழவி கேட்டால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்து, இரண்டு நிறுத்தம் போதும் என்று சொன்னான். எல்லப்பன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் ஞானம்மா இடம் பிடித்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அவனை வரிசையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் ஏப்ரன் கட்டிக்கொண்டாள். திரும்பி வந்தபோது கையில் சொட்டு மருந்து இருந்தது.

“தலைய சாய். மேல பாரு. எரியும், அசையாத” என்றாள். வரிசையில் மற்றவர்களிடமும் அவள் அதைத்தான் சொன்னாள்.