மாப்பிள்ளை ஷூ

ஆம்பூர் நூலகத்தில் எங்கள் தெருவின் பழங்கதையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். வீடுவீடாகப் போய்க் கல்யாணப் போட்டோக்களை நான்தான் வாங்கி வந்தேன். மேசையில் பரப்பியதும் எரிச்சல் வந்தது. வேறு வேறு வீட்டு மாப்பிள்ளைகள், எல்லார் காலிலும் ஒரே கறுப்பு ஷூ. இடது முனையில் அதே கீறல். என் அப்பா காலிலும் அதுதான். ‘ஸ்டுடியோவின் வாடகை ஷூ’ என்று அடியில் எழுதிச் சுவரில் மாட்டிவிட்டேன்.

பார்க்க வந்த அம்மா எல்லார் முன்னாலும் கத்தினாள்.

“வாடகையா? இன்னாடி எழுதி வெச்சிருக்க! ஷூ கம்பெனியில ரிஜெக்ட் ஆன ஜோடி அது. தெருவுல யாருக்குக் கல்யாணம்னாலும் அந்த வூட்டுக்குப் போய்டும். உங்கப்பாவுக்கு ரொம்பப் பெருசு. பேப்பர் அடைச்சும் நிக்கல. வுழுந்துடுவோம்னு பயந்து என் கையைப் புடிச்சிக்கினாரு.”

படத்தில் அப்பா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்திருப்பார். அதைக் காட்டித்தான், ‘நீங்கள் என்றாவது இப்படிப் பிடித்ததுண்டா’ என்று இத்தனை காலமும் என் கணவரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

“அப்போ அது ஆசையில்லையா?” என்றேன்.

அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“ஷூவை மறுநாளே திருப்பிக் குடுத்துட்டாரு. கையை வுட்டாரா?”