கையோடு வராத புல்

என் வீட்டுப் பின்கதவோரம் ஒரு றேக் சாத்தியபடி நிற்கிறது. பனி கரைந்ததும் புல்வெளியை வாரி எடுக்கிற சாமான். விசிறி மாதிரி விரிந்த கம்பிப் பற்கள். அதில் இரண்டு பல் இல்லை. கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறது. சித்திரைக் குளிரில் வெறும் மரத்தைப் பிடித்தால் விரல் விறைத்துவிடும் என்று என் சம்பந்தி சுற்றியது. மூன்று கிழமையாக அது அங்கேயே நின்றது. கடந்து போகும்போதெல்லாம் பார்த்தேன். பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

சம்பந்தி என்றால், என் மகளைக் கட்டியவனின் தகப்பன். அவர்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவர். பிள்ளைகள் மொன்றியலில் ஒரே கல்லூரியில் படித்து, தாங்களே முடிவெடுத்துவிட்டு வந்து எங்களுக்கு அறிவித்தார்கள். காலையில் கோயில், பின்னேரம் தேவாலயம் என்று கலியாணம் இரண்டு தரம் நடந்தது. அவர் கோயிலில் வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று கையால் பிடித்தபடி நின்றார். நான் தேவாலயத்தில் எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று தெரியாமல் அவரையே பார்த்துப் பார்த்துச் செய்தேன். அடுத்த வருடம் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடினார்கள். அவர் மொன்றியலுக்குப் பக்கத்துத் தீவான இல்-பிசாரில் ஏழெட்டு வீடுகளின் புல்வெளிகளைப் பராமரித்து வந்தார். கேள்விப்பட்ட அன்றே தொலைபேசி எடுத்து, தனக்கு ஒரு ஆள் தேவை என்று சொன்னார். தேவை இருந்ததோ இல்லையோ, எனக்காகத்தான் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

முதல் வசந்தத்திலேயே நான் பெரிய வேலை ஒன்று பார்த்தேன். ஆற்றங்கரையோரம் ஒரு வயோதிப மதாமின் வீடு. சம்பந்தி பின்பக்கம் போய், பனிக்காலத்துக்கென்று வேலிச் செடிகளைச் சுற்றிக் கட்டியிருந்த சாக்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்தை வாரும்படி எனக்குச் சொல்லியிருந்தார். புல்லைப் பார்த்தேன். வைக்கோல் நிறத்தில் தரையோடு ஒட்டிக் கிடந்தது, இடையிடையே சாம்பல் நிறப் பூஞ்சணம். யாரைக் கேட்டாலும் செத்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதோடு யாழ்ப்பாணத்தான் முற்றத்தில் புல்லைக் கண்டால் சும்மா இருக்கமாட்டான். எங்களுக்குப் புல் முளைத்த முற்றம் ஆளில்லாத வீட்டு முற்றம். மண் ஈரமாக இருந்தது, றேக்கால் இழுக்க இழுக்க வேரோடு வந்தது. மதியத்துக்குள் அந்த முன்வளவைப் பொங்கலுக்குக் கூட்டின முற்றம் மாதிரி வெறும் மண்ணாக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர் வந்தார். பார்த்தார். படியில் குந்தி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு எழும்பி, ஓரத்தில் தப்பிக் கிடந்த நாலு புல்தாளை விரலில் சுற்றி மெல்ல இழுத்துக் காட்டினார். புல் வரவில்லை.

“இது செத்த புல் இல்லைச் சம்பந்தி, நித்திரை கொள்ளுற புல். இழுத்துப் பாருங்கோ. கையோடை வந்தால் செத்தது. வராட்டில் உசிர் இருக்கு, விட்டிடுங்கோ.”

நான் இழுத்தால் எல்லாம் வந்ததே என்றேன். ஈரமண்ணில் எருதுபோல இழுத்தால் வராமல் என்ன செய்யும் என்றார். முதலில் ஓரத்தில் கால் வைத்துப் பார்க்க வேண்டுமாம். காலடியில் தண்ணீர் ஊறினால் உள்ளே போகவே கூடாதாம். இதையெல்லாம் காலையிலேயே சொல்லாதது தன் பிழை என்று வேறு சொன்னார். மதாம் வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்தபோது, நான் வாய் திறக்குமுன் அவர் தொப்பியைக் கழற்றி, “செ முவா, மதாம்,” என்றார். தான்தான் செய்ததாம். பிறகு விதை தூவி, மேலே மெல்லிசாகப் பசளை மண் பரப்பி, வைகாசி முழுதும் வேலை முடிந்து திரும்பும் வழியில் அங்கே நிறுத்தித் தண்ணீர் விட்டோம். ஆனியில் அந்தத் தெருவிலேயே பச்சையான வளவு அதுதான். வருடக் கணக்காக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். புதிதாக ஒருவரைக் கண்டால், “எங்கடை சம்பந்தி முற்றம் கூட்டுறதிலை வலு கெட்டிக்காரன்,” என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார்.

பிள்ளைகள் பிரிந்தது மூன்று வருடங்களுக்கு முன்னர். பிழை அவருடைய மகன் பக்கம். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அந்தச் சித்திரையில் இனி அந்த ஆளோடு போகக் கூடாது என்று மனைவி சொன்னாள். நானும் ஓம் என்றேன். ஆனால் திங்கட்கிழமை விடிய அவருடைய வான் வந்து வழமைபோல இரண்டு தரம் ஹோர்ன் அடித்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனேன். “ஏறுங்கோ, சம்பந்தி,” என்றார். ஏறினேன். அந்தச் சொல் மட்டும் என் வாயில் வரவில்லை.

அதற்குப் பதிலாக எதைச் சொல்லிக் கூப்பிடுவது? என்னைவிட இரண்டு வயது மூத்தவர், பெயர் சொல்ல முடியாது. பத்து வருடம் சம்பந்தி என்றவரை அண்ணை என்றால் அது கன்னத்தில் அறைவதற்குச் சமம். எங்களுடைய பாஷையில் ஒரு மனிதனை ஒன்றும் சொல்லாமல் கூப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் கண்டுகொண்டேன். “இஞ்சை பாருங்கோ”, “கேக்குதோ”, “அந்த வாளியை எடுங்கோ” என்று மூன்று வசந்தங்களை ஓட்டினேன். அவர் வேலியின் மற்றப் பக்கத்தில் நின்றால், கூப்பிடச் சொல் இல்லாமல் சுற்றிக்கொண்டு நடந்து போவேன். அவர் கவனிக்காதது போலவே இருந்தார். அவருடைய பேச்சில் சம்பந்தி குறையவேயில்லை.

கடைசி வசந்தத்தில் ஒருநாள் மதாம் வீட்டு வளவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ஆற்றைக் கடந்து லவாலுக்குப் போகும் பாதைப் படகு இன்னும் ஓடத் தொடங்கவில்லை, ஆற்றில் ஓரிரண்டு பனித்துண்டுகள் போய்க்கொண்டிருந்தன. அவர் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்:

“பிள்ளையள் பிரிஞ்சது சரி. நாங்கள் எப்ப பிரிஞ்சனாங்கள்?”

மழை வரப்போகுது, விதையை மூடவேணும் என்றேன் நான். அவர் தலையை ஆட்டிவிட்டு எழும்பிப் போய் விதையை மூடினார். மழை வரவில்லை.

இந்தத் தை மாதத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். தேவாலயத்தில் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். அழுகை வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் எனக்கு அவர் என்ன முறை என்று கேட்டார். “தெரிஞ்சவர்,” என்றேன். அந்தச் சொல் எவ்வளவு லேசாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமும் வரவில்லை. மண் பனியில் உறைந்து இறுகிக் கிடந்ததால் பெட்டியை அன்று அடக்கவில்லை. வசந்தத்தில் நிலம் இளகும்வரை கத்தோலிக்கரை அடக்கும் சேமக்காலையில் ஒரு கல்லறையில் வைப்பது வழமையாம். மாசி, பங்குனி முழுதும் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், யன்னலால் பனியைப் பார்த்தேன். அவர் இன்னும் மண்ணுக்கு மேலேதான் இருக்கிறார், எனக்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசி தொடக்கத்தில் அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்தார். “சம்பந்தி, சனிக்கிழமை அடக்கம். வாறியளோ?” வாறன் என்றேன். பத்துப் பன்னிரண்டு பேர்தான். என்னுடைய முன்னாள் மருமகன் தலை குனிந்து நின்றான்; அவனைக் கண்டபோது கோபமும் வரவில்லை. குழியருகே நின்ற சேமக்காலைப் பணியாளர் குடும்பத்தவர்களை முன்னுக்கு வரச் சொன்னார். பின்னுக்கு நின்ற என்னிடம் வந்து, நானும் குடும்பமா என்று பிரெஞ்சில் கேட்டார். அந்தப் பாஷையில் இதற்கு என்ன சொல் என்று தேடினேன். எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. “நோன்,” இல்லை என்றேன்.

“வுய்,” ஓம் என்றார் அவருடைய மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல். பிறகு தமிழில், “எங்கடை சம்பந்தி. முன்னுக்கு வாங்கோ,” என்றார். போய் ஒரு பிடி மண் போட்டேன். ஈரமண், கையில் ஒட்டியது. வெளியே வந்தபோது அவருடைய மனைவி மகனிடம் சொல்லி வானுக்குள் இருந்து றேக்கை எடுப்பித்துத் தந்தார். “இது சம்பந்தியின்ரை எண்டுதான் எப்பவும் சொல்லுவார். பல்லு ரெண்டும் நீங்கள்தானாம் முறிச்சது.” உண்மைதான், மதாமின் முன்வளவில் முறிந்த பற்கள்.

நேற்றுக் காலை றேக்கை எடுத்துக்கொண்டு சேமக்காலைக்குப் போனேன். மூன்று பஸ் மாற வேண்டும். ஒரு பிள்ளை அதைச் சுட்டித் தாயிடம் ஏதோ கேட்டது. குழியை மூடி மேலே மண்ணோடு வெட்டியெடுத்த புல்தகடுகளை விரித்திருந்தார்கள். அவசரத்தில் விரித்த வேலை. பொருத்துகளில் இடைவெளி, ஓரங்கள் காய்ந்து வைக்கோல் நிறமாகியிருந்தன. அவர் பார்த்திருந்தால் தாங்கமாட்டார். வாருவதற்கு றேக்கை எடுத்தேன். பிறகு நினைவு வந்து, முதலில் ஓரத்தில் கால் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஊறியது. றேக்கைக் கீழே வைத்துவிட்டு, முழந்தாளிட்டு, காய்ந்துபோய்த் தெரிந்த ஓரத்தில் நாலு தாளை விரலில் சுற்றி மெல்ல இழுத்தேன். வரவில்லை. இன்னொரு இடத்தில் இழுத்தேன். அங்கேயும் வரவில்லை.

அழுகை நேற்றும் வரவில்லை. இரண்டு விரலில் அந்தப் புல்லைப் பிடித்தபடி சுற்றிப் பார்த்தேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

“வேர் பிடிச்சிட்டுது, சம்பந்தி,” என்றேன்.