தோசை சுடலாம்தானே?

கிள்ளானில் நான் வேலை செய்யும் பாலர் பள்ளியில் துப்பாக்கி விளையாட்டுக்குத் தடை. அந்தத் தடை வேண்டும் என்று மீட்டிங்கில் முதலில் கை தூக்கியவளே நான்தான்.

இன்று ஐந்து வயது யாழினி பிளாஸ்டிக் கட்டைகளில் துப்பாக்கி செய்து என்னைக் குறி பார்த்தாள்.

"சுடக்கூடாதும்மா" என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். துப்பாக்கியை அப்படியே படுக்கவைத்துத் தோசைக் கரண்டி ஆக்கிவிட்டாள்.

"தோசை சுடலாம்தானே டீச்சர்?"

"அது சுடலாம்லா."

"உங்களுக்கு எத்தனை?"

"ரெண்டு."

"வீட்டுல இருக்கிறவங்களுக்கு?"

"வீட்டுல யாரும் இல்லம்மா."

கரண்டி நின்றுவிட்டது.

"அப்ப யாருகூட சாப்பிடுவீங்க?"

நல்லவேளை, மணி அடித்தது. பிள்ளைகள் கை கழுவ ஓடினார்கள்.

குறி தப்பவே இல்லை. அடுத்த மீட்டிங்கில் தோசைக்கும் தடை கேட்கட்டுமா, சொல்லுங்கள்.