பின் சீட்டுக் கைப்பிடி

லிஃப்ட்காரர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தே தலை நரைத்தவர். வேலை முடிந்ததும் லிஃப்டின் தரையில் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்திவைத்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார். மேலே போய்த் திரும்பி வரும்வரை நாணயம் விழாமல் நின்றால்தான் பையைக் கட்டுவார். விழுந்துவிட்டால் சாப்பாடும் கிடையாது, வீடும் கிடையாது. கூட வேலை பார்த்தவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

"மெஷின் பொய் சொல்லும், ஏறுறவங்க சொல்ல மாட்டாங்க" என்பது அவர் கட்சி. குலுங்குகிறது என்று ஒருவர் சொன்னால் குலுங்குகிறதுதான், கோளாறு எங்கே என்று தேட வேண்டியது நம் வேலை. இந்தக் கட்சியால்தான் அவருக்குக் கல்யாணமே ஆனது. ஓர் அலுவலகத்தின் ஐந்தாம் மாடியில் தட்டச்சு வேலை பார்த்த பெண், லிஃப்ட் வயிற்றைப் புரட்டுகிறது என்று புகார் கொடுத்தாள். போய்ப் பார்த்தார். நாணயம் அசையவில்லை. அடுத்த வாரமும் புகார், அதற்கடுத்த வாரமும் புகார். கட்டடத்தில் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது, இந்த மனிதர் ஒருவரைத் தவிர. இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வோர் உருளையாகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவளே பொறுமை இழந்து, "லிஃப்டைப் பாத்தது போதும், கொஞ்சம் ஆளையும் பாருங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பேத்தி எடுக்கும் வயதிலும் அவள் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அவரோ விட்டுக்கொடுக்க மாட்டார். "உருளை ஒண்ணு தேஞ்சுதான் இருந்துச்சு" என்பார்.

அவர்களுடைய ஒரே மகள் அரைநாள் பயணத் தொலைவில் இருந்தாள். அவள் உண்டானபோது, "பிரசவத்தப்போ அம்மா என் பக்கத்துல இருக்கணும்" என்று ஒரே பிடியாக நின்றாள். அம்மாவுக்கு இடுப்பு வலி, பேருந்து ஒத்துக்கொள்ளாது. சத்தமில்லை, அதிர்வில்லை என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு, லிஃப்ட்காரர் கைமாறி வந்த மின்சாரக் கார் ஒன்றை வாங்கிவிட்டார். சத்தம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் முதல் நாளே தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின் சீட்டிலிருந்து "யம்மா!" என்று குரல் வந்தது.

"தூக்கிப் போடுதாம்மா?"

"ஆமாங்க. முதுகுல இடிக்குது."

அவருக்கு அது போதும். மறுநாள் காலையில், டயர் சூடாவதற்கு முன்பே காற்றை அளந்தார். கதவுத் தூணில் ஒட்டியிருந்த அளவைவிடக் கூடுதலாக இருந்தது. குறைத்தார். "இப்போ?" என்றார். "கொஞ்சம் பரவாயில்ல" என்றாள். பரவாயில்லை என்ற சொல்லை அவர் தொழிலில் சேர்த்துக்கொண்டதே இல்லை. முந்தைய சொந்தக்காரர் அழகுக்காகப் பெரிய சக்கரம் மாட்டியிருந்தார், அதில் டயரின் பக்கச்சுவர் விரல்கடை அகலம்தான். பாட்டரியின் பாரம் மொத்தமும் அடியில் இருக்கும்போது அது எப்படி மெத்தென்று போகும்? சின்னச் சக்கரமும் தடித்த டயரும் மாற்றினார். பின் சீட்டில் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்தார். லிஃப்டுக்கு நாணயம், காருக்கு டம்ளர். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதற்காக, பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கீழ்நோக்கித் திருப்பிவைத்தார்.

"எனக்குப் பக்கத்துல டம்ளரா? அதுக்கும் சீட்டு பெல்ட்டு போட்டுவிடுங்க" என்று அவள் கேலி செய்தாள்.

தண்ணீர் சிந்தியது. நல்லதாகப் போயிற்று என்று இவருக்கு உள்ளூர ஒரு திருப்தி. சிந்துகிறது என்றால் கோளாறு இருக்கிறது, கோளாறு இருந்தால் சரி செய்துவிடலாம். ஊரைச் சுற்றி ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். அந்த மனிதர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். யாரோ முன்பு வேலை பார்த்தபோது, வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கிய நிலையிலேயே போல்ட்டுகளை முறுக்கிவிட்டிருக்கிறார்கள். இறக்கிய பிறகு உள்ளேயிருக்கும் ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொண்டே நிற்கின்றன. ஒவ்வொரு பள்ளமும் நேரே ஆளுக்குப் போய்ச் சேர்கிறது. புது ரப்பர் போட்டு, சக்கரம் தரையில் ஊன்றி நிற்கும்போது முறுக்கினால் தீர்ந்தது. இருவரும் சேர்ந்து செய்தார்கள்.

அன்று மெக்கானிக்கைப் பின் சீட்டில் உட்காரவைத்து, ஊரிலேயே மோசமான சாலையில் லிஃப்ட்காரர் வண்டியை விட்டார். டம்ளரில் தண்ணீர் நடுங்கியது, சிந்தவில்லை.

"சார், எனக்குத் தூக்கமே வந்துருச்சு. இதுக்கு மேல இந்த வண்டில பாக்க ஒண்ணும் இல்ல" என்றார் மெக்கானிக். பிறகு தலைக்கு மேலே கையை நீட்டி, "இந்தக் கைப்பிடி மட்டும் ஆடுது. யாரு சார் இதுல இப்படித் தொங்கினது? ஸ்க்ரூவே பாதி வெளிய வந்துருச்சு" என்றார்.

பின் சீட்டில் ஏறுபவள் ஒருத்திதானே? லிஃப்ட்காரர் மெக்கானிக்கை வழியிலேயே இறக்கிவிட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சமையலறை தெரிந்தது. நாற்காலியிலிருந்து அவள் எழுந்துகொண்டிருந்தாள். ஒரு கை மேசை விளிம்பைப் பற்றியிருந்தது. உடம்பின் பாரம் மொத்தமும் அந்த ஒரு கையில் தொங்கியது. கண்களை இறுக மூடி, உதட்டைக் கடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த நாற்காலிக்குச் சக்கரம் இல்லை. அந்தத் தரையில் பள்ளம் இல்லை.

கண்ணைத் திறந்தவள் அவரைப் பார்த்துவிட்டாள்.

"எவ்ளோ நாளா?"

"வண்டி வாங்குறதுக்கு முன்னாடியே."

"ஏன்மா சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரில படுக்கப் போட்டுருவாங்க. பொண்ணுகிட்டப் போக முடியாது." அவள் மெல்ல உட்கார்ந்தாள். "அப்புறம், நீங்க அதையும் இதையும் மாத்துறதைப் பாக்கப் பாக்க, வண்டிதானோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு. வண்டி சரியானா வலியும் போயிரும்னு இருந்தேங்க."

டம்ளரைப் பார்ப்பதற்கென்று கண்ணாடியைத் திருப்பிவைத்த மகா மேதை. அதே கண்ணாடியை நாலு விரல்கடை நிமிர்த்தியிருந்தால் அவள் முகம் தெரிந்திருக்கும்.

மகளிடம் போவதற்கென்று வாங்கிய வண்டி அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத்தான் போய் வந்தது. புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்றும், முன்பே வந்திருந்தால் கொஞ்சம் பார்த்திருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். அந்த "முன்பே" லிஃப்ட்காரரை அறுத்துக்கொண்டே இருந்தது. டயர் மாற்றிய நாட்கள் எல்லாம் அந்த "முன்பே"தானே?

கண்ணாடி இப்போது அவள் முகத்துக்கு நேராக இருந்தது. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதில் பார்த்துக் கேட்டார்.

"தூக்கிப் போடுதாம்மா?"

"இல்லங்க. ஒண்ணுமே தெரியல." அவள் கை கைப்பிடியில் இருந்தது. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. அவர் வண்டியை இன்னும் மெதுவாக்கினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும், "ஏங்க, அந்த லிஃப்டும் நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள்.

"தெரியும்மா."

"எப்போ தெரியும்?"

"மூணாவது புகார்லயே." அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "நீ மறுபடியும் கூப்பிடுவேன்னுதான் கழட்டிக் கழட்டி மாட்டிட்டிருந்தேன்."

அவள் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் என்று தெரிந்தும் சிரித்தாள்.

பேத்தி பிறந்ததை அவள் ஃபோனில்தான் பார்த்தாள். திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். குழந்தையின் தலை நிற்பதற்குள் அவள் போய்விட்டாள்.

மகள் குழந்தையோடு வந்தபோது லிஃப்ட்காரர் காரை எடுத்துக்கொண்டு போய் அழைத்துவந்தார். பின் சீட்டில் அம்மா உட்கார்ந்த இடத்தில் மகள் உட்கார்ந்தாள். வேகத்தடை வந்தது, போனது. குழந்தை அசையவில்லை.

"எந்த வண்டில ஏறினாலும் கத்துவாப்பா. இதுல பாருங்க, எப்படித் தூங்குறா! அவ்ளோ சுகமாப் போகுது."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மகள் ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையை மேலே நீட்டினாள். "ஐயே, இந்தக் கைப்பிடி ஆடுதே. உங்க வண்டில இப்படி ஒண்ணா? ரெண்டு ஸ்க்ரூதானேப்பா, ஸ்க்ரூடிரைவர் இருந்தாக் குடுங்க, வீட்டுக்குப் போனதும் நானே முறுக்கிடறேன்."

ஸ்க்ரூடிரைவர் முன்பக்கப் பெட்டியில்தான் இருந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார்.

"அதை மட்டும் தொடாதம்மா" என்றார். "உங்கம்மா பிடிச்சிட்டு வந்தது."